புள்ளித்தோலும் பாதமும்

சென்ற மாதம் என் மாணவர் ஒருவர் சிறுத்தைப் புள்ளிகள் அச்சிட்ட 'லோஃபர்' காலணிகளை அணிந்து வகுப்புக்கு வந்தார். நம் பக்கத்தில் 'லோஃபர்' என்பது வசைச்சொல். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு அவர் தனியே வந்து சொன்னார்: "எங்க தாத்தா மேலத்தெரு வழியா போகும்போது செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் நடப்பாராம், ஐயா." அதன்பின் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காலணி தமிழர்க்குப் புதியதன்று. சங்கப் பாடல்கள் அதனைத் 'தொடுதோல்' என்கின்றன. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டிகளை அடுத்து, கழுதைமேல் மிளகுப் பொதி ஏற்றிச் செல்லும் வணிகர் வருகின்றனர். அவர்கள் அணிந்தது 'அடிபுதை அரணம்'. அடியை மறைக்கும் காப்பு என்னும் பொருளில், இன்றைய லோஃபருக்கும் பொருந்தும் சொல் அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய கண்ணப்பரோ, செருப்பணிந்த காலாலேயே இறைவன் முடிமேலிருந்த மலர்களை அகற்றினார்.

எனினும் தோலுக்கு நாம் இருவேறு நீதி வைத்தோம். சிவபெருமான் உடுத்த புலித்தோலும் முனிவர் அமர்ந்த மான்தோலும் புனிதமாயின. செருப்பான தோல் இழிவாயிற்று. அதைப் பதனிட்டவரும் தைத்தவரும் தீண்டத்தகாதவர் ஆக்கப்பட்டனர். பல ஊர்களில் அவர்கள் செருப்பணிந்து நடப்பதே குற்றமாயிற்று.

மேலைநாட்டில் லோஃபர் 1936இல் நார்வே நாட்டுக் காலணியைத் தழுவி அமெரிக்காவில் பரவியது. சிறுத்தைப் புள்ளியை 1947இல் கிறிஸ்டியன் டியோர் துணியில் அச்சிட்டுப் புகழ்பெறச் செய்தார். நம் நாட்டில் 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சிறுத்தைக்கும் நம் கோடியக்கரை வெளிமானுக்கும் அரணாயிற்று. ஆகவே இன்று கடையில் காணும் புள்ளி பெரும்பாலும் மாட்டுத்தோலிலோ செயற்கைத் தோலிலோ இட்ட அச்சு. சிறுத்தை காட்டிலேயே இருக்க, அதன் அழகு மட்டும் காலுக்கு வருகிறது.

1930 ஏப்ரல் 30 அன்று இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்பெடுத்த மண் வேதாரண்யம். பச்சைத்தோல் ஆம்பூர், வாணியம்பாடித் தொழிற்கூடங்களைச் சேரும்வரை அழுகாமல் காப்பது உப்பு. ஆனால் அதே உப்பு, செய்து முடித்த காலணிக்குப் பகை. எனவே நம் ஊர்க்காரர் மாலையில் ஈரத்துணியால் துடைத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து, நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் தோலை வெடிக்கச் செய்யும். வண்ணப் பாலிஷ் புள்ளிகளை மறைத்துவிடும். நிறமற்ற களிம்பே போதும். மயிருள்ள தோலாயின் மயிர் படிந்த திசையிலேயே மெல்லத் தூரிகையிட வேண்டும். உடுப்பு ஒரே நிறமாக இருக்கட்டும். கட்டமும் கோடும் போட்ட சட்டை புள்ளிகளோடு சண்டையிடும்.

இவற்றையெல்லாம் அந்த மாணவரிடம் சொன்னேன். அன்று சிரித்ததற்கு வருத்தமும் தெரிவித்தேன். மேலத்தெரு வழியாகவும் இதை அணிந்துதான் போகிறீர்களா என்று கேட்டேன்.

"தினமும், ஐயா" என்றார்.