தண்ணீர்மலைத் தைப்பூசமும் பினாங்குத் தீவின் கூட்டு விழா மரபும்

தண்ணீர்மலைத் தைப்பூசம் என்பது மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரத்துப் பினாங்குத் தெருவிலுள்ள கோவில் வீட்டிலிருந்து, தண்ணீர்மலை என்று தமிழர் வழங்கும் அருவிப் பகுதிவரை முருகன் வெள்ளித் தேரில் சென்று திரும்பும் மூன்று நாள் விழாவாகும். பெயராலும் வழிபாட்டு முறையாலும் இது முழுக்கத் தமிழர் விழாவே எனினும், இதன் வரலாற்றைத் தமிழரை மட்டும் கொண்டு எழுத முடியாது. சீனரும் பிறரும் நேர்ந்துகொண்டும் பொருள் தந்தும் இதைத் தங்கள் ஊர் வழக்கமாகவே ஆக்கிக்கொண்டனர்.

1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரால் கைக்கொண்டபின், துறைமுகத்தை நாடி வந்தவர்களுள் சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகர்களும் இருந்தனர். சூலியர் என்றழைக்கப்பட்ட இவர்களின் தலைவர் காதிர் முகைதீன் 1801இல் தொடங்கிய பள்ளிவாசல் இன்று கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எனப்படுகிறது. சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் நினைவாக எழுந்த தர்காவில் கொடியேற்றமும் கந்தூரியும் நாகூர் முறைப்படியே நிகழ்ந்துவந்தன. 1833இல் ராணித் தெருவில் மாரியம்மன் கோவில் அமைந்தது. ஒருசில தெருக்களுக்குள் பள்ளிவாசலும் சீனக் கோவிலும் மாரியம்மன் கோவிலும் தேவாலயமும் நெருங்கி நின்றதால், ஒருவர் ஊர்வலத்தை மற்றவர் தம் வாசலில் நின்றே பார்க்கும் நிலை தொடக்கம்முதலே இருந்தது.

இந்தக் கலப்பு ஊர்ப்பெயர்களிலும் படிந்துள்ளது. நகருக்குத் தெற்கே, சுங்கை பினாங்கு ஆற்றுக்கு அப்பாலுள்ள ஜெலுத்தோங், சூயிங்கம் செய்யப் பால் தந்த ஜெலுத்தோங் மரத்தால் பெயர் பெற்ற மலாய் ஊராகும். அப்பெயரின் ஒலியைச் சீனர் தம் எழுத்தில் பதித்தபோது 'கதிரவன் மறையும் குகை' என்று பொருள்படும் எழுத்துகள் அமைந்தன. ஊர் இருப்பதோ கிழக்குக் கரையில். கதிரவன் அங்கே கடலிலிருந்து எழுகிறான் என்பதைப் பெயர் வைத்தவர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

தைப்பூசத் தேரைத் தந்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். பினாங்குத் தெருவில் கிட்டங்கி என்னும் தொழில் விடுதிகளை அமைத்து, அங்கேயே பெட்டியடி என்னும் தொழிலிடங்களை வைத்துக் கணக்கெழுதி லேவாதேவி நடத்திய இவர்கள், 1850களில் தண்ணீர்மலை அடிவாரத்தில் தண்டாயுதபாணி கோவிலை எழுப்பினர். காரைக்குடியில் செய்யப்பட்ட வெள்ளித் தேர் 1894இல் கப்பலேறிப் பினாங்கு வந்து சேர்ந்தது. பூசத்திற்கு முந்தைய நாளான செட்டிப்பூசத்தன்று விடியற்காலையில் காளைகள் பூட்டிப் புறப்படும் இத்தேர், முன்னே மயில் காவடிகள் ஆடிச்செல்ல, நின்று நின்று அருச்சனை ஏற்றுக்கொண்டு இரவில்தான் கோவிலை அடைகிறது. பூசத்தன்று அங்குத் தங்கி, மறுநாள் மாலை புறப்பட்டு, மீண்டும் இரவெல்லாம் ஊர்ந்து கோவில் வீடு திரும்புகிறது.

இவ்விழாவின் தனித்தன்மை தேங்காயில் இருக்கிறது. தமிழ்நாட்டில் விடலைத் தேங்காய் ஒருவர் ஒன்றோ இரண்டோ, மிஞ்சினால் நூற்றெட்டோ உடைக்கும் நேர்த்திக்கடன். பினாங்கிலோ தத்தோ கெராமாட் சாலை, மகசின் சாலை போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கில் தேங்காய்கள் முந்தின நாளே வந்திறங்கி, இடுப்பளவுக் குவியல்களாகின்றன. அவற்றைக் கொண்டுவந்து இறக்குவோரில் பெரும்பகுதியினர் சீனர். கடை செழித்ததற்கும் நோய் தீர்ந்ததற்கும் பிள்ளை பிறந்ததற்குமாக நேர்ந்துகொண்டவர்கள். தேர் அண்மையில் வருகிறது என்று தெரிந்ததும், குவியலின் மேல் ஊதுபத்திக் கட்டைக் காட்டி வணங்கிவிட்டு, வீட்டார் அனைவரும் இரு கையாலும் காய்களைத் தரையில் அடிக்கத் தொடங்க, சில நிமிடங்களில் சாலை முழுதும் சிரட்டையும் தேங்காய்த் தண்ணீருமாகிவிடுகிறது. தேர்ச்சக்கரம் வருவதற்குள் பணியாளர்கள் மண்வெட்டியால் ஓடுகளை ஓரங்கட்ட, தேர் நனைந்த சாலையில் நகர்கிறது. இறைவன் வரும் பாதையை நீர் தெளித்துத் தூய்மை செய்தல் என்ற தமிழர் கருத்தும், வேண்டுதல் பலித்தால் அள்ளிக் கொடுத்தல் என்ற சீனர் வழக்கமும் இங்கே ஒரே செயலில் கூடியுள்ளன. செட்டியாரிடம் கடன் பெற்றுத் தொழில் நடத்திய சீன வணிகர்கள் அவர்தம் தெய்வத்தையும் நம்பத் தலைப்பட்டிருக்கலாம் என்று கருத இடமுண்டு. துறைமுகத்தில் வரவு செலவுக்கு அடுத்தே வழிபாடு வருகிறது.

தமிழகத்தோடு உறவுடைய வேறொரு மரபு பொரியா. சென்னை மாகாணப் படைப்பிரிவுகளின் முஸ்லிம் சிப்பாய்களோடு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த இது, கர்பலாவில் உயிர்நீத்த உசேனை நினைந்து முகர்ரம் மாதத்தின் முதல் பத்து நாளில் குழுவாகப் பாடிச்செல்லும் வழக்கமாக இருந்தது. இந்திய முஸ்லிம் தந்தையருக்கும் மலாய்த் தாயருக்கும் பிறந்த ஜாவி பெரனாக்கான் சமூகத்தார் இதை வளர்த்தெடுக்க, துயரப்பாட்டு மெல்ல நையாண்டியாகவும் குறுநாடகமாகவும் மாறி, இன்று மலாய்மொழி மேடைக்கலையாக நிற்கிறது. முதன்மைப் பாடகர் பாடும் அடிகளை வாங்கிப் பாடி ஆடும் பின்குழுவினருக்கு இன்றும் 'செப்போய்', அதாவது சிப்பாய் என்றே பெயர்.

சீனரின் விழாக்களும் அவ்வாறே எல்லை கடந்தன. சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் இரவான சாப் கோ மேயில், நல்ல கணவன் வேண்டிக் கன்னிப்பெண்கள் கடலில் ஆரஞ்சு எறிவது சீனப் பெரனாக்கான் சமூகத்தின் வழக்கம். முப்பதடி மூங்கிலில் கட்டிய பெருங்கொடியை நெற்றியிலும் பல்லிலும் தாங்கி நடக்கும் சிங்கே ஊர்வலத்தில் மலாய் இளைஞரும் தமிழ் இளைஞரும் கொடி பிடிக்கின்றனர்.

தீவு மரபுகளின் கலப்புக்குப் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் ஹவாயோடு ஒப்பிடுகையில் வேறுபாடு விளங்கும். அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட சீனர், ஜப்பானியர், போர்த்துகீசியர், பிலிப்பினோக்கள் ஆகியோரின் உணவும் பேச்சும் தோட்டக் குடியிருப்புகளில் கலந்தன. 1830இல் பொதுவெளியில் தடுக்கப்பட்ட ஹூலா நடனம், 1883இல் கலாகாவுவா மன்னரின் முடிசூட்டு விழாவில் மீண்டும் ஆடப்பட்டு, பின்னாளில் தீவுகளின் பொது அடையாளமாயிற்று. பினாங்கில் அவ்வாறு அனைவருக்கும் பொதுவான ஒரு கலை உருவாகவில்லை. ஒவ்வொரு விழாவும் தன் தெய்வத்தையும் மொழியையும் விடாமல் வைத்துக்கொண்டே பிறரைத் தெருவில் சேர்த்துக்கொண்டது.

2008இல் ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2012இல் மலையுச்சியில் பாலதண்டாயுதபாணிக்குப் புதிய கோவில் குடமுழுக்குக் கண்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளேறி அங்குக் காவடிகள் செல்கின்றன. 1906இல் அமைந்த இந்து அறப்பணி வாரியம் சுமார் 70 லட்சம் ரிங்கிட் செலவில் செய்வித்த தங்கத் தேர், 2017 முதல் ராணித் தெரு மாரியம்மன் கோவிலிலிருந்து முருகனின் வேலைச் சுமந்து புறப்படுகிறது. வெள்ளித் தேர் இருக்க இன்னொன்று எதற்கு என்ற பேச்சு அப்போது ஊரில் ஓயாமல் எழுந்தது. தேர் தங்கள் பக்கம் வருவதில்லையாதலால் ஜெலுத்தோங் போன்ற புறநகரத்தார் இன்றும் ஆற்றைக் கடந்து நகருக்குள் வந்தே நிற்கின்றனர். அவர்கள் நிற்கும் சாலையில் வெள்ளித் தேருக்கும் தங்கத் தேருக்குமாகத் தேங்காய்கள் குவிந்து கிடக்கின்றன.