பசியறிந்த பரம்பரையும் உண்ண மறுக்கும் பிள்ளையும்

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் இருவர் சந்தித்தால் முதலில் எழும் கேள்வி, "சாப்டாச்சா?" என்பதுதான். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகே. இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பசியின் வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால்தான், அதே குடும்பங்களில் இன்று ஒரு பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவதை ஏன் யாராலும் புரிந்துகொள்ள முடியவில்லை என்பது விளங்கும்.

அரிசியும் தோட்டமும்

பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்டு, 2007 முதல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறிய ஊருக்கு அருகில் தென்னமரம் தோட்டம் உள்ளது. மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக 1917-இல் நடப்பட்டது அங்குதான். அதற்கு முன்பும் பின்பும் ரப்பர் காடுகளை உருவாக்கியவர்கள் தமிழகத்திலிருந்து கங்காணி முறையில் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். அதிகாலைப் பெரட்டு, பால்வெட்டு, லயத்து வாழ்க்கை, அளந்து கொடுக்கப்பட்ட அரிசி என்று அவர்களின் நாட்கள் நகர்ந்தன.

அந்த அரிசியைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அக்கால மலாயாவில் பெரிபெரி நோயால் ஏராளமானோர் மாண்டனர். தீட்டிய வெள்ளை அரிசி உண்டவர்களையே அது அதிகம் தாக்கியது. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடம் அது அரிதாகவே காணப்பட்டது. 1905-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வில்லியம் ஃபிளெட்சர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவியது. மற்றவர்கள் தப்பினர். தவிட்டோடு போய்விட்ட சத்தே காரணம் என்பது பின்னர் உறுதியானது.

அதுவரை அந்நோய்க்குக் கிருமி, ஈரக்காற்று என்று எத்தனையோ காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணம் தெரிந்த பிறகே சரியான சிகிச்சைக்கு வழி பிறந்தது. உண்ணுதல் தொடர்பான மனநலக் கோளாறுகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

மரவள்ளிக்கிழங்குக் காலம்

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் கால் வைத்தனர். அரிசி இறக்குமதி குலைந்தது. தோட்டத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கையும் கீரைகளையும் நம்பி உயிர் வாழ்ந்தனர். சிலாங்கூர் தோட்டங்களிலிருந்தும் ஆண்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பலர் திரும்பவேயில்லை. மூன்றரை ஆண்டுப் பட்டினி ஒரு தலைமுறையின் நெஞ்சில் பதிந்தது. "ஒரு பருக்கைகூட வீணாகக் கூடாது" என்று பாட்டிமார்கள் அதட்டியது கஞ்சத்தனத்தால் அல்ல.

மலாயா மக்கள் கிழங்கு தின்ற அதே காலத்தில், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 1944 நவம்பரில் அது தொடங்கியது. ஆன்சல் கீஸ் என்ற அறிஞரின் தலைமையில், உடலும் மனமும் நலமாக இருந்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து 24 வாரங்கள் அரைவயிறு உண்டனர். உடல் எடையில் ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது. எடையோடு மனமும் மாறியது.

அவர்களுக்கு எந்நேரமும் உணவைப் பற்றிய நினைப்பே. சமையல் புத்தகங்களை விரும்பிப் படித்தனர். ஒரு தட்டு உணவை நீண்ட நேரம் வைத்து வைத்து உண்டனர். சிரிப்பு போயிற்று, நட்பு கசந்தது, எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. பட்டினி முடிந்த பிறகும் சிலரால் அளவோடு நிறுத்த முடியவில்லை. வயிறு நிறைந்தும் பசிப்பதாகச் சொல்லித் தொடர்ந்து உண்டனர். 1950-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்த ஆய்வு சொன்னது இதுதான்: பட்டினி மனத்தையே மாற்றிவிடும்.

வறுமைப் பட்டினி வேறு, நோய்ப் பட்டினி வேறு

உணவு இருந்தும் உண்ண மறுக்கும் நோயை லண்டனில் வில்லியம் கல்லும் பாரிஸில் லசேக்கும் 1873-இல் தனித்தனியே விவரித்தனர். 'அனோரெக்சியா நெர்வோசா' என்ற பெயர் கல் சூட்டியது. அளவுக்கு மீறி உண்டு, பின் வாந்தி எடுத்தோ பேதி மருந்து உட்கொண்டோ அதை வெளியேற்றும் 'புலிமியா நெர்வோசா'வை 1979-இல் ஜெரால்டு ரஸ்ஸல் விவரித்தார். கட்டுப்பாடில்லாமல் உண்டு, பிறகு வெட்கத்தில் கூனிக்குறுகும் இன்னொரு வகையும் உண்டு. அது 2013-இல் தனி நோயாக அமெரிக்க மனநலச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது.

இதை வெள்ளைக்காரர் நோய், பணக்காரர் நோய் என்று ஒதுக்கியவர்கள் பலர். மலேசிய மனநல மருத்துவர்களிடம் அனோரெக்சியாவுடன் வருவோர் மிகக் குறைவு என்று 1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கூறியது. ஆனால் மருத்துவரிடம் வராதவர் எந்தக் கணக்கிலும் சேர்வதில்லை.

பிஜித் தீவின் அனுபவம் கண் திறக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கென்று நம்மவர்களும் போய்ச் சேர்ந்த நாடு அது. அங்கே நத்ரோகா பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது 1995-இல். அப்போதும் மூன்று ஆண்டுகள் கழித்தும் பிஜிப் பூர்வகுடிப் பள்ளி மாணவிகளிடம் ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் கேட்டறிந்தார். எடை குறைப்பதற்காக வாந்தி எடுத்ததாகச் சொன்னவர்கள் முதலில் ஒருவருமில்லை. 1998-இல் அது 11.3 விழுக்காடு. பருத்த உடலை அழகென்று போற்றிய சமூகம் அது!

மலேசியாவில் அதே பத்தாண்டில்தான் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வீடமைப்புப் பகுதிகளுக்குப் பெயர்ந்தனர். 1996-இல் அஸ்ட்ரோ வந்தது. இன்று கைப்பேசி ஒவ்வொரு கையிலும் இருக்கிறது. ஆனால் குற்றம் முழுவதையும் படத்தின் மேல் சுமத்திவிட முடியாது. பரம்பரைக் கூறு, மனக்கவலை, எதையும் குறையில்லாமல் செய்யத் துடிக்கும் இயல்பு, கேலிப் பேச்சு எல்லாம் சேர்ந்தே இந்நோய் முளைக்கிறது. கல்யாண வீட்டில் "என்ன இப்படி உடம்பு போட்டுட்டே?" என்று ஒரு பெரியம்மா சிரித்துக்கொண்டே சொல்லும் சொல், பதினைந்து வயதுப் பெண்ணின் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

விரதம் என்ற பெயரில் நாட்கள் நீள்வது, "ஸ்கூல்லயே சாப்பிட்டேன்" என்று தினமும் சொல்வது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவது, மாதவிலக்கு நின்றுபோவது, முடி கொட்டுவது, வெயிலிலும் குளிர்கிறது என்பது, மயங்கி விழுவது - இவை எச்சரிக்கை அடையாளங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் இது வரும். உடல் மெலியாமலும் வரும். அடிக்கடி வாந்தி எடுப்பவர்களின் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தடுமாறலாம். உயிருக்கே ஆபத்து.

பெற்றோர் செய்யும் முதல் தவறு, திட்டி ஊட்டுவது. "உன் பாட்டி சோறு இல்லாமல் கிடந்தாள், உனக்குக் கொழுப்பு" என்றால் பிள்ளை இன்னும் ஒளிந்துகொள்ளும். இரண்டாவது தவறு, மிகவும் மெலிந்துபோன பிள்ளைக்கு ஒரே நாளில் வயிறு முட்ட ஊட்டுவது. போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் சிலர், நெடுநாள் பட்டினிக்குப் பின் நிறைய உண்டதாலேயே உயிரிழந்தனர். இரத்தத்தில் தாது உப்புகள் சட்டெனக் குறைவதே காரணம். அத்தகைய பிள்ளைக்கு மருத்துவர் கண்காணிப்பில்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

எங்கே போவது?

முதல் படி அருகிலுள்ள அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். இரத்தப் பரிசோதனைக்குப் பின் அங்கிருந்து கடிதம் பெற்று, கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா அல்லது சுங்கை பூலோ மருத்துவமனையின் மனநலப் பிரிவை நாடலாம். மனநல மருத்துவர், உணவியல் நிபுணர், மனநல ஆலோசகர் மூவரும் சேர்ந்து கவனிக்க வேண்டிய நோய் இது. இளம் பிள்ளைகளுக்குக் குடும்பத்தையே சிகிச்சையில் சேர்க்கும் முறை லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980-களில் உருவாகி நல்ல பலன் தந்துள்ளது. நோய்க்குப் பெற்றோர் காரணமல்ல, ஆனால் குணமாவதற்கு அவர்கள் பெருந்துணை என்பதே அதன் அடிப்படை.

பேச யாருமில்லை என்று தவிப்பவர்கள் சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணை அழைக்கலாம். பள்ளி ஆலோசக ஆசிரியரையும் அணுகலாம். மனநல மருத்துவர் என்றாலே தஞ்சோங் ரம்புத்தான் என்று கேலி பேசிய காலம் மலையேற வேண்டும்.

"சாப்டாச்சா?" என்று கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. பிள்ளை "ம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனால், பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். "என்னம்மா மனசுல இருக்கு?" என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். பதில் வந்ததும் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும். நாள் கடத்தக் கூடாது.