சோழமண்டலக் கரையின் ஓவியத் துணியும் உலகச் சந்தையும்

நலிவுற்ற கைப்பணியாளரை வாழவைப்பதற்கு அவர்தம் பொருள்களை உலகச் சந்தைக்குக் கொண்டுசெல்வதே வழி என்பது இன்று பரவலாக எடுத்துரைக்கப்படும் கருத்தாகும். இக்கருத்து புதியதன்று, உலகச் சந்தையும் தமிழ்க் கைப்பணியாளனுக்குப் புதியதன்று. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையின் துணி ஆசியாவையும் ஐரோப்பாவையும் ஆட்கொண்டிருந்தது. அவ்வணிகம் கைவினைஞனுக்கு எதனைக் கொடுத்தது, எதனைக் கொடுக்கவில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஐரோப்பியர் இக்கரையை நாடியதற்கு முதற் காரணம் வாசனைத் திரவியங்களேயாம். மொலுக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் பெறுவதற்குச் சோழமண்டலத் துணியே சிறந்த பண்டமாற்றுப் பொருளாக இருந்தது. எனவே ஒல்லாந்தர் 1610இல் பழவேற்காட்டில் நிலைகொண்டனர். ஆங்கிலேயர் 1611இல் மசூலிப்பட்டினத்திலும், தேனியர் 1620இல் தரங்கம்பாடியிலும், பிரெஞ்சுக்காரர் 1674இல் புதுச்சேரியிலும் காலூன்றினர். ஒரே பொருளுக்கு நான்கு கம்பனிகள் போட்டியிட்டமை மனங்கொள்ளத்தக்கது.

இத்துணியின் சிறப்பு அதன் சாயத்திலே தங்கியிருந்தது. துணியைக் கடுக்காயிலும் எருமைப் பாலிலும் தோய்த்து, எழுதுகோலாற் கோலம் வரைந்து, படிகாரம் இட்ட இடங்கள் சிவக்கும்படி சாயவேருடன் கொதிக்கவைப்பர். பின்னர் நீலம் ஏறவேண்டாத இடங்களை மெழுகால் மூடி அவுரிச் சாயத்தில் அமிழ்த்துவர். துவைக்கத் துவைக்க மங்காத இச்செந்நிறத்தை ஐரோப்பியர் அன்று அறிந்திலர். இச்சாயவேர் மன்னாரிலும் யாழ்ப்பாணப் பகுதியிலும் விளைந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அதனைத் தமது தனியுரிமைப் பொருளாக வைத்துக்கொண்டனர். இவ்வாறு நமது மணல் நிலத்தில் வேர் அகழ்ந்தவனும் அவ்வுலக வணிகத்தின் ஒரு கண்ணியானான். ஆயின், வேரை வாங்குவோர் பலர் இருந்து விலை பேசும் வாய்ப்பு அவனுக்குக் கிட்டவில்லை.

நெசவாளனின் நிலை சற்று வேறுபட்டது. கம்பனிகள் வணிகர் மூலம் முற்பணம் வழங்கி, மாதிரித் துணிகளைக் காட்டி, அளவும் தரமும் குறித்து நெய்வித்தன. முற்பணம் கடன்சுமையாக மாறக்கூடியதே. எனினும், அதனைத் திருப்பிக் கொடுத்து ஒப்பந்தத்திலிருந்து விலகும் வழக்கம் நெசவாளரிடையே நிலவியது. ஒரு கம்பனி விலையைக் குறைத்தால் மற்றொன்றுக்கு நெய்யலாம். ஊரதிகாரி நெருக்கினால் தறியுடன் வேற்றூருக்குப் பெயரலாம். அவனது பேரம்பேசும் வலுவிற்கு அடிப்படை இதுவேயாகும்.

இதற்கிடையில் ஐரோப்பாவில் இத்துணிக்கு எழுந்த பெருவேட்கை அங்குள்ள உற்பத்தியாளரை அச்சுறுத்தியது. பிரான்சு 1686இல் ஓவியத் துணிகளைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஆசிய ஓவியத் துணிகளின் பாவனையைத் தடுத்தது. வெள்ளைத் துணி இறக்குமதியாவதைத் தடுக்கவில்லை. அதனால் இலண்டனில் அச்சுத்தொழில் வளர்ந்தது. வாங்குவோர் நாட்டின் சட்டம் மாறியதும், இங்கு வண்ணம் தீட்டியவனின் வேலை அங்கு பெயர்ந்தது. தொழில் நுட்பமும் உடன் பெயர்ந்தது. கேர்தூ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் மதம் மாறிய ஓவியத் துணித் தொழிலாளரிடம் கேட்டறிந்த செய்முறையை 1742இல் தம் நாட்டுக்கு எழுதியனுப்பினார். அவ்வறிவுக்கு உரியவர்கள் அதனால் யாதொரு பயனும் பெற்றிலர்.

பெரும் மாற்றம் போட்டி ஒழிந்தபோது நேர்ந்தது. 1761இல் புதுச்சேரியும் 1781இல் நாகப்பட்டினமும் ஆங்கிலேயர் வசமாயின. 1801இல் கருநாடக ஆட்சியே கம்பனியிடம் சென்றது. வாங்குவோனும் ஆள்வோனும் ஒருவனேயாகியதும், பிறருக்கு நெய்வது குற்றமாகியது. தறிக்கருகே சேவகர் நிறுத்தப்பட்டனர். விலகும் உரிமை மறைய, பேரம்பேசும் வலுவும் மறைந்தது. இங்கிலாந்தின் ஆலைத்துணி இங்கு வந்து குவிவதற்கு முன்னரே இந்நிலை தோன்றிவிட்டது என்பதை நாம் மறத்தலாகாது. நெசவாளனின் வீழ்ச்சிக்கு எந்திரம் மாத்திரமே காரணம் என்போர் இதனை நோக்குதல் வேண்டும். 1869இல் அலிசரின் என்னும் சிவப்புச் சாயத்தைச் செயற்கையாக ஆக்கும் முறை வெளிப்பட்டபோது, சாயவேருக்கு எஞ்சியிருந்த மதிப்பும் அற்றுப்போனது.

ஏற்றுமதியையே நம்பிய தொழில்கள் இங்ஙனம் சரிய, உள்ளூர்ப் பெண்கள் உடுத்த சேலையை நெய்தோர் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டையும் தாண்டித் தொழிலைப் பேணினர். அவர்தம் வாடிக்கையாளரின் சுவையை அவர்களே அறிந்திருந்தனர். தொலைவிலுள்ள பாராளுமன்றம் எதுவும் அதனை ஒரு நாளில் மாற்றக்கூடியதாக இருக்கவில்லை.

இவ்வரலாறு ஏற்றுமதியை வெறுக்குமாறு கூறவில்லை. கேள்வி எங்கே என்பதையே அது காட்டுகின்றது. பனையோலைப் பெட்டி முதலாக நமது கைப்பணிப் பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்ப முனைவோர், எவ்வளவு விற்றது என்று கணக்கிடுவதுடன் அமைதல் போதாது. செய்தவன் ஒரு வாங்குவோனை மறுத்து மற்றொருவனிடம் செல்ல முடியுமா? கோலத்தையும் விலையையும் தீர்மானிப்பதில் அவனுக்குப் பங்குண்டா? வெளிநாட்டு வேட்கை தணியும் நாளில் அவன் பொருளை விரும்பி வாங்க உள்ளூரில் எவரேனும் இருப்பரா? சோழமண்டலக் கைவினைஞனிடம் உலகமே வாடிக்கையாளராக இருந்தது. ஆயினும் இவ்வினாக்களுக்கு ‘இல்லை’ என்பது விடையாகியபோது அவன் வீழ்ந்தான். கூட்டுறவுச் சங்கங்களும் அரச நிறுவனங்களும் தனியார் முயற்சிகளும் இவ்வளவுகோலாலேயே மதிப்பிடப்படல் வேண்டும்.