குருதியின் அழுத்தத்தை அளந்த வரலாறு

உடலின் உள்ளே நிகழ்வதை, உடலுக்கு ஊறு செய்யாமல் அறிவது எங்ஙனம்? குருதியின் அழுத்தத்தை அளக்க முயன்றோரின் வரலாறு இவ்வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது.

இங்கிலாந்தில் டெடிங்டன் என்னும் ஊரில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் பாதிரியார் வாழ்ந்தார். அவர் ஒரு குதிரையைப் பிணித்துக் கிடத்தி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனுடன் 9 அடிக் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். குருதி 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. இச்செய்தியை 1733-இல் நூலாக வெளியிட்டார். அளவு கிடைத்தது, குதிரை பிழைக்கவில்லை.

மனிதர்க்கு இம்முறை ஆகுமோ? 1896-இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி, புயத்தில் காற்றுப்பட்டை சுற்றிப் பாதரசத்தால் அளக்கும் கருவியை அமைத்தார். 1905-இல் உருசிய மருத்துவர் கொரோட்கோவ், பட்டை தளரும்போது தமனியில் எழும் ஒலியைக் கேட்டு அளக்கும் வழியைக் காட்டினார். ஒரு துளிக் குருதியும் சிந்தவில்லை.

ஆனால், பட்டை அறிவது புயத்தின் அழுத்தத்தையே. இதயம் தளர்ந்தோர்க்கு நுரையீரல் தமனியின் அழுத்தம் இன்றியமையாதது. மூச்சுத் திணறலும் கால் வீக்கமும் தோன்றுமுன்னரே அது உயரத் தொடங்கும். 1929-இல் செருமானிய மருத்துவர் வெர்னர் ஃபோர்ஸ்மன், தம் கைச் சிரை வழியே நுண்குழாயை இதயம் வரை செலுத்தி, அவ்விடத்தை அடையும் வழியைத் திறந்தார். எனினும், குழாயை நெடுநாள் உள்ளே விட்டுவைத்தால் நோய்க்கிருமி புகும், குருதியும் உறையும்.

ஆகவே, குழாயின்றி உள்ளேயே தங்கும் கருவி வேண்டியதாயிற்று. மின்கலம் வைத்தால் அது ஒருநாள் தீரும். கம்பியை வெளியே இழுத்தால் கிருமிக்கு வழியாகும். அமெரிக்காவில் உருவான கார்டியோமெம்ஸ் என்னும் கருவி இவ்விரண்டையும் நீக்கிற்று. அதன் நீளம் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர். உள்ளே ஒரு கம்பிச்சுருளும் மின்தேக்கியும் உள்ளன. அழுத்தம் மாறினால் மின்தேக்கியின் தகடுகளிடையே உள்ள இடைவெளி மாறும். அதனால் ஒத்ததிர்வு எண்ணும் மாறும். வானொலிப் பெட்டியின் திருகைத் திருப்பி நீங்கள் நிலையத்தைப் பிடிப்பதும் இதே தத்துவத்தால்தான்! நோயாளி, அலைவாங்கி பொதிந்த தலையணைமீது படுத்தால், வெளிக்கருவி அலைகளை அனுப்பி அவ்வெண்ணை அறியும். வளிமண்டல அழுத்தத்தையும் அளந்து, அதைக் கழித்துக்கொள்ளும்.

இக்கருவியின் சோதனையை நான் சிறப்பாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. 550 நோயாளிகள் அனைவர்க்கும் கருவி பொருத்தப்பட்டது. ஆனால் ஒரு பிரிவினரின் அளவுகள் மட்டுமே மருத்துவர்க்குக் காட்டப்பட்டன. அவற்றைக் கண்டு மருந்தை மாற்றியதால், 6 மாதங்களில் அப்பிரிவினர் இதயத் தளர்ச்சியால் மருத்துவமனை புகுவது மற்றவரைவிட 28 விழுக்காடு குறைந்தது. முடிவுகள் 2011-இல் வெளிவந்தன. 2014-இல் அமெரிக்க அரசு கருவிக்கு ஒப்புதல் அளித்தது.

இரு பிரிவினர் உடலிலும் இருந்தது ஒரே கருவிதான். அளவைப் படித்து, காலத்தில் செயலாற்றிய மருத்துவர் ஒரு பிரிவினர்க்கே வாய்த்தனர். பொறியியலோ மருத்துவமோ பயிலப்போகும் நீங்கள் இதனை நெஞ்சில் இருத்துவீர்களாக.