கற்றது போதாது என்று உணர்ந்தவர் - உ.வே. சாமிநாதையர்

நல்ல வேலை கிடைத்துவிட்டால் படிப்பு முடிந்தது என்று எண்ணுவது மனித இயல்பு. ஆனால் வேலை கிடைத்த பிறகுதான் ஒருவருடைய உண்மையான படிப்பு தொடங்கியது என்பதற்குத் தமிழ் வரலாற்றில் ஒரு சிறந்த உதாரணம் உண்டு. அவர்தான் 'தமிழ்த் தாத்தா' என்று அழைக்கப்படும் உ.வே. சாமிநாதையர்.

இளமைக் கல்வி

கும்பகோணத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சேர்ந்த சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி பிறந்தார். குடும்பம் வறுமையில் இருந்தாலும் தமிழ் படிக்க வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். 1876-இல் பிள்ளை மறையும் வரை அவரிடமே பாடம் கேட்டார். பின்னர் திருவாவடுதுறை மடத்தில் சுப்பிரமணிய தேசிகரிடம் படிப்பைத் தொடர்ந்தார். 1880-இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவருடைய பரிந்துரையால் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25.

ஒரு கேள்வி

அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி, கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்தித்தார். என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். சாமிநாதையர் தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று நீண்ட பட்டியலைச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றின் பெயர்களைச் சொன்னார். அவற்றை அவர் படித்ததில்லை.

பெரிய ஆசிரியரிடம் படித்தவர், கல்லூரியில் பாடம் சொல்பவர் என்ற நிலையில் இருந்தவர் கோபப்பட்டிருக்கலாம், அல்லது ஏதாவது சமாதானம் சொல்லி வந்திருக்கலாம். சாமிநாதையர் அப்படிச் செய்யவில்லை. முதலியார் கொடுத்த சிந்தாமணிப் பிரதியை வாங்கி வந்து, புதிய மாணவனைப் போலப் படிக்கத் தொடங்கினார்.

மீண்டும் மாணவர்

சிந்தாமணி சமண நூல். சைவச் சூழலில் வளர்ந்த அவருக்கு அதிலிருந்த பல சொற்களும் கருத்துகளும் விளங்கவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடுகளுக்குச் சென்று சந்தேகங்களைக் கேட்டார். அவர்கள் அந்நூலைப் பக்தியோடு படித்து வந்தவர்கள். பட்டம் பதவி பாராமல், யாருக்குத் தெரியுமோ அவரிடம் கேட்பது என்பதை அவர் பழக்கமாக்கிக் கொண்டார்.

ஓலைச்சுவடியைப் படிப்பதும் எளிதன்று. மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறிலும் நெடிலும் வேறுபாடு தெரியாது. பாட்டும் உரையும் ஒன்றாக ஓடும். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் நூற்பெயர் சொல்லாமலே பல இடங்களில் மேற்கோள் காட்டுவார். அவை எந்த நூலில் உள்ளவை என்று தேடித் தேடிக் குறிப்பெடுத்தார் சாமிநாதையர். பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதங்களை எழுதி வைத்தார். கல்லூரி வேலை போக மிஞ்சிய நேரமெல்லாம் இதற்கே செலவாயிற்று. ஏழு ஆண்டு உழைப்புக்குப் பின் 1887-இல் சிந்தாமணி வெளிவந்தது.

ஒரு நூல் அடுத்த நூலுக்கு வழி காட்டியது. பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும், மணிமேகலை 1898-இலும் வெளிவந்தன. மணிமேகலைக்குப் பழைய உரை இல்லை. அதற்காகப் பௌத்தத்தைக் கற்க வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் வந்த பௌத்த நூல்களைப் படித்தறிந்த மளூர் ரங்காசாரியர் விளக்கிச் சொல்ல, இவர் கேட்டுக் குறிப்பெடுத்து, தாமே உரை எழுதினார்.

காலத்தோடு போட்டி

இந்த உழைப்பு தள்ளிப்போட முடியாதது. சுவடிகள் செல்லுக்கு இரையாகி அழிந்துகொண்டிருந்தன. கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்கு அவர் சுவடி தேடிச் சென்றபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து நெருப்பில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். சி.வை. தாமோதரம் பிள்ளை போன்றவர்களும் அதே காலத்தில் பழைய நூல்களைப் பதிப்பித்து வந்தனர். இவர்கள் இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் எத்தனை நூல்கள் பெயரளவில் மட்டும் நின்றிருக்குமோ!

ஓயாத உழைப்பு

1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். 1906-இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் வந்தன. பட்டங்கள் வந்த பிறகும் படிப்பு நிற்கவில்லை. குறுந்தொகையை உரையோடு வெளியிட்டது 1937-இல். அப்போது அவருக்கு வயது 82. 1940-இல் ஆனந்த விகடனில் தம் வரலாற்றை எழுதத் தொடங்கினார். அது முற்றுப்பெறும் முன்பே, 1942 ஏப்ரல் 28-இல் காலமானார்.

திறமையுள்ளவர்கள் அக்காலத்தில் பலர் இருந்தார்கள். தமக்குத் தெரியாது என்பதை 25 வயதில் ஏற்றுக்கொண்டு, தெரிந்துகொள்ளும் வேலையை 87 வயது வரை நாள்தோறும் செய்ததே சாமிநாதையரின் சிறப்பு. இன்று சங்கப் பாடலைப் படிக்கும் ஒவ்வொருவரும் அந்த ஒழுங்கின் பயனையே அனுபவிக்கிறார்கள்.