உரையாடல் ஒலியமைப்பு: கண்டி மலைப்புற நோக்கு

உரையாடல் ஒலியமைப்பு என்பது திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் நடிகர் பேசும் வசனத்தைப் பதிந்து, துப்புரவாக்கி, காட்சியின் இடத்துக்கும் தூரத்துக்கும் பொருந்த ஒலிக்கச் செய்யும் கலை. இசை உடனே கவனத்தை ஈர்க்கும். வசன ஒலி நன்றாக அமைந்தால் தனியே காதில் படாது. அதனால் இதற்கு உரிய பாராட்டுக் கிடைப்பது அரிது.

முறைகள்

படப்பிடிப்புத் தளத்திலேயே, நீண்ட கோலில் பிடிக்கும் பூம் மைக்காலும், உடையில் மறைத்த சிறு ஒலிவாங்கியாலும் பதிவது நேரடி ஒலி. பின்னர் ஒலிப்பதிவுக் கூடத்தில், திரையைப் பார்த்து உதட்டசைவுக்கு ஏற்பப் பேசுவது டப்பிங். நேரடி ஒலியில் நடிப்பின் மூச்சு அப்படியே நிற்கும். இரைச்சலும் கூடவே வரும். டப்பிங்கில் சொல் தெளிவாக இருக்கும். கவனம் தவறினால் குரல் அந்த இடத்தைச் சேர்ந்ததாகத் தோன்றாது.

நிலமும் குரலும்

கண்டி–மஹியங்கனை வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டி உள்ளது ஹுன்னஸ்கிரிய. இத்தகைய மலையூரில் நேரடி ஒலிப்பதிவு எளிதன்று. காற்று மைக்கில் மோதும். ஏற்றத்தில் கியர் மாற்றும் பஸ்ஸின் உறுமல் வசனத்துக்கு நடுவே புகும். காற்றைத் தடுக்க மைக்குக்கு ரோம உறை இடுவார்கள். காட்சி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அரை நிமிடம் வெறும் சூழல் ஒலியைப் பதிவார்கள். வசனத்திலிருந்து இரைச்சலை வெட்டிய இடங்களை நிரப்புவது இந்த ஒலியே. அது இல்லையேல் வெட்டிய இடங்களில் ஒலி திடீரென அற்றுப்போய், ஒட்டுப்போட்டது வெளிப்படும்.

கண்டியில் ஓர் எடுத்துக்காட்டு

ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் ‘இந்தியானா ஜோன்ஸ் அன்ட் த டெம்பிள் ஒஃப் டூம்’ (1984) கண்டி வட்டாரத்தில் படமாக்கப்பட்டது. தொங்குபாலக் காட்சி விக்டோரியா அணைக்கு அருகிலும், கிராமக் காட்சிகள் ஹந்தானையிலும் எடுக்கப்பட்டன. கிராமத்துப் பூசாரியாக நடித்த டி. ஆர். நாணயக்காரவுக்கு ஆங்கிலம் தெரியாது. கமராவுக்கு வெளியே நின்று ஸ்பீல்பேர்க் சொல்லிக்கொடுத்த வசனத்தை, ஒலியைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொன்னார். அடுத்த தொடருக்காக அவர் காத்த இடைவெளிகள் திரையில் பூசாரியின் நிதானமாகவும் கனமாகவும் மாறின. வசனத்தின் வலிமை சொல்லில் மட்டுமன்றி அதன் தாளத்திலும் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

தமிழ், சிங்களத் திரை

முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுணு பொறொந்துவ’ (1947), எஸ். எம். நாயகம் தயாரிப்பில் மதுரைச் சித்ரகலா மூவிடோன் படப்பிடிப்புக் கூடத்தில் உருவானது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ (1956) கமராவைக் கூடத்திலிருந்து கிராமத்துக்குக் கொண்டுபோனது. நாணயக்கார அதிலும் நடித்தார். தமிழ்ப் படங்களில் டப்பிங் நெடுங்காலம் வழக்கமாக நிலைத்தது. இதற்கு மாறாக, கமல்ஹாசனின் ‘விருமாண்டி’ (2004) நேரடி ஒலியில், மதுரை வட்டாரப் பேச்சை நடிகர்களின் களக் குரலிலேயே தந்தது.

ரசிக்கும் முறை

பேசுபவர் நகரும்போது குரலின் தூரம் மாறுகிறதா, அறைக்குள்ளும் வெளியிலும் குரல் வேறுபடுகிறதா, சொல்லுக்கு முன் மூச்சு கேட்கிறதா என்று கவனிப்பது நல்ல தொடக்கம். வட்டார வழக்கு தூய்மைப்படுத்தப்படாமல் நிற்கிறதா என்பதும் முக்கியம். மலையகத் தோட்டத்துத் தொழிலாளி ஒருவர் திரையில் பேசினால், அவர் ஊரின் ஏற்ற இறக்கத்தோடு பேச வேண்டும். அதைக் காப்பது நடிகரின் கடமை. அதே அளவுக்கு ஒலிப்பதிவாளரின் கடமையும் ஆகும்.