உலாவிச் செருகுநிரல்களும் இல்லக் கணினியின் பாதுகாப்பும்: எழுத்துருக் காலம் முதல் கொடைக்கானல் மின்-அனுமதி வரை

முன்னுரை

பழனிமலைத் தொடரில் அமைந்துள்ள கொடைக்கானலுக்கு வாகனத்தில் செல்லும் வெளியூரார் மின்-அனுமதி பெற வேண்டும் என்னும் நடைமுறை, சென்னை உயர்நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் செயல்படுத்தப்பட்டது. வாகன எண், பயணிகளின் எண்ணிக்கை, தங்குமிடம் முதலிய விவரங்களை விண்ணப்பிப்போர் தம் இல்லத்திலிருந்தே உலாவியின் வழியாகப் பதிகின்றனர். இதற்கெனத் தனிச் செருகுநிரலோ எழுத்துருவோ நிறுவ வேண்டியதில்லை. கால்நூற்றாண்டுக்கு முன்னர், தமிழ்ப் பக்கம் ஒன்றை வாசிப்பதற்கே ஏதேனும் ஒன்றைக் கணினியில் நிறுவ வேண்டியிருந்தது. இம்மாற்றம் இல்லக் கணினியின் பாதுகாப்பை எவ்வாறு பாதித்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வாசிப்புக்கு விலையான நிறுவல்

இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணைய இணைப்பு அறிமுகமானது. அதனையடுத்து உருவான தமிழ்த் தளங்கள் வெவ்வேறு எழுத்துருக் குறியாக்கங்களைக் கையாண்டன. ஒரு தளத்தின் எழுத்துரு மற்றொரு தளத்திற்குப் பயன்படவில்லை. இக்குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்இணையம்99 மாநாடு முயன்றது. டாம், டாப் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அம்முயற்சியின் விளைவுகளாகும். இணையவழிக் கலந்துரையாடலில் உருவான திஸ்கியும் அக்காலத்தில் வழக்கில் இருந்தது.

எழுத்துருவை வாசகரே பதிவிறக்கும் தொல்லையைக் குறைக்க இயங்கு எழுத்துரு நுட்பம் பயன்பட்டது. நெட்ஸ்கேப் 4 உலாவி ட்ரூடாக் வகை எழுத்துருவை நேரடியாகக் காட்டியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் அதனைக் காண்பதற்கு ஆக்டிவ்எக்ஸ் கூறு ஒன்றை நிறுவ வேண்டியிருந்தது. நிறுவலாமா என உலாவி வினவியபோது மறுத்தவருக்குப் பொருளற்ற குறிகளே எஞ்சின. எனவே, அவ்விசைவு ஆராய்ந்து அளிக்கப்பட்டதாக இராமல், தாய்மொழியில் வாசிப்பதற்குச் செலுத்திய விலையாகவே அமைந்தது.

செருகுநிரலின் ஆற்றலும் ஆபத்தும்

1996இல் வெளிவந்த நெட்ஸ்கேப் 2, செருகுநிரல்களை ஏற்கும் அமைப்பைக் கொண்டிருந்தது. அதே ஆண்டு மைக்ரோசாப்ட் ஆக்டிவ்எக்ஸை அறிமுகப்படுத்தியது. இவ்விரு வகைக் கூறுகளும் பயனருக்குரிய முழு உரிமையுடன் இயங்கின. பயனர் அழிக்கக்கூடிய கோப்பை அவையும் அழிக்க இயலும். அன்றைய இல்லங்களில் பரவலாக இருந்த விண்டோஸ் 95, 98 ஆகியவற்றில் பயனருக்கும் கணினி நிருவாகிக்கும் இடையே உரிமை வேறுபாடு இருக்கவில்லை என்பதால், ஆபத்து கணினி முழுமையையும் தழுவியது.

ஆக்டிவ்எக்ஸ் கூறுகளுக்கு எண்முறைக் கையொப்பம் காப்பாகக் கருதப்பட்டது. கையொப்பம் நிரலை வெளியிட்டவர் யார் என்பதை மட்டுமே உணர்த்தும். நிரல் என்ன செய்யும் என்பதை உணர்த்தாது. பிரெட் மெக்லெயின் என்னும் நிரலாளர் 1996இல் வெளியிட்ட கூறு, விண்டோஸ் 95 கணினியை நிறுத்திக்காட்டி இக்குறையை வெளிப்படுத்தியது. 1997இல் ஜெர்மனியின் கேயாஸ் கணினிக் கழகத்தினர், குவிக்கன் கணக்கு மென்பொருளுக்குள் பணமாற்று ஆணையைப் புகுத்தும் ஆக்டிவ்எக்ஸ் கூறு ஒன்றைத் தொலைக்காட்சியில் இயக்கிக் காட்டினர். எழுத்துருவும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. பக்கத்தில் பொதியப்பட்ட எழுத்துருவின் வழியே தீநிரல் இயங்கக்கூடிய பிழையை மைக்ரோசாப்ட் 2006 ஜனவரியில் திருத்தியது.

நீட்சிகளும் அனுமதியும்

பயர்பாக்ஸின் வருகைக்குப் பின் நீட்சிகள் செல்வாக்குப் பெற்றன. அவற்றுள் பத்மா என்னும் நீட்சி, பழைய குறியாக்கங்களில் அமைந்த இந்திய மொழிப் பக்கங்களை ஒருங்குறியாக மாற்றிக் காட்டியது. தமிழ் வாசகருக்குப் பயனளித்த இந்நீட்சி, ஒரு பக்கத்தின் எழுத்துகளை மாற்ற வேண்டுமாயின் அப்பக்கத்தைப் படித்தாக வேண்டும். உளவு நோக்கமுடைய நீட்சிக்கும் அதே அனுமதிதான் தேவைப்படும். ஆகவே, அனுமதிப் பட்டியலைக் கொண்டு மட்டும் நல்லதையும் தீயதையும் பிரித்தறிய இயலாது.

உருவாக்கியவர்மீது கொண்ட நம்பிக்கையும் நிலையானதன்று. 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்திய தி கிரேட் சஸ்பெண்டர் என்னும் குரோம் நீட்சி 2020இல் வேறொருவருக்குக் கைமாறியது. 2021 பிப்ரவரியில் அதனைத் தீநிரல் எனக் கூகுள் நீக்கியது. நிறுவியபோது சரியாக இருந்த பயனரின் முடிவு, அவர் அறியாமலே பிழையாயிற்று. நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதி இத்தகைய மாற்றத்திற்கு வழிவிடுகிறது.

ஒருங்குறியும் நிறுவல் தேவையின் மறைவும்

தமிழுக்கான இடம் ஒருங்குறியின் முதல் பதிப்பிலேயே, 1991இல், ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியை ஆதரித்தது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இவற்றுள் எதுவும் பாதுகாப்பைக் கருதி மேற்கொள்ளப்பட்டதன்று. ஆயினும், எழுத்து இயங்குதளத்திலேயே அமைந்தமையால், அறியாத கூறுக்கு இசைவளிக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது. உலாவிகளும் அதே திசையில் நகர்ந்தன. குரோம் 2015இல் பழைய செருகுநிரல்களைக் கைவிட்டது. 2020 இறுதியுடன் பிளாஷுக்கான ஆதரவு முடிவுற்றது.

முடிவுரை

தமிழ் வாசகரின் இல்லக் கணினிக்குப் பெரும் காப்பு அளித்தது நிறுவல் எச்சரிக்கையன்று, நிறுவலைத் தேவையற்றதாக்கிய பொதுத்தரமே என்பது இவ்வரலாற்றால் பெறப்படும். இன்று நிறுவப்படும் நீட்சிகள் பெரும்பாலும் வசதிக்கானவை. மறுப்பதால் வாசிப்பு இழக்கப்படுவதில்லை. அதனால் தேர்வுப் பொறுப்பு பயனரையே சாரும். இத்தேவை உலாவியாலேயே நிறைவேறுமா, நீட்சி கோரும் அனுமதி அதன் பணிக்கு ஏற்றதா, அதன் உரிமையாளர் இன்னும் அவரேதானா என்னும் மூன்று வினாக்களை நிறுவும்போது மட்டுமின்றிக் காலந்தோறும் எழுப்ப வேண்டும். எல்லாத் தளங்களையும் படிக்க அனுமதி பெற்ற நீட்சி, மின்-அனுமதிப் படிவத்தில் இடும் வாகன எண்ணையும் படிக்கவல்லது. அரசுத் தளம் செருகுநிரலைக் கோராமையால் கிட்டிய காப்பு, பயனர் தாமே சேர்த்த ஒரு நீட்சியால் கெடலாம்.